சொந்தக் கார் (சோதனை)

பாலாற்றங்கரைப் பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி விற்பனைச் சங்கத்துக்கு ஒரு கார் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அதுவரை சங்கத்துப் புடவைகள் மெட்ராஸ் கடைகளுக்கு பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் முகூர்த்தப் புடவைக் கட்டு ஒன்று கருவாட்டுக் கூடையோடு தோளுரசிக்கொண்டு பூந்தமல்லி வரைக்கும் போய்விட்டது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த பெண்ணைக் கல்யாண மண்டபத்துப் பூனை தாலி கட்டி முடிகிறவரை விட்டு நகரவில்லை என்று புகார் வந்தது. சங்கம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. கார் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் அடங்கியபோது பின்வரிசையிலிருந்து யாரோ, "வாங்கப் போறீங்களா, வாடகைக்கா?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் சங்கம் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

செவிலிமேட்டுத் தாவீதுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒரு கார். பழைய லேண்ட்மாஸ்டர். ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அவன் பல வருஷம் டிரைவராக இருந்தான். டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது காரைக் கப்பலில் ஏற்றும் செலவுக்குப் பயந்து, சாவியைத் தாவீதிடம் கொடுத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். தாவீது அதை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினான்.

காலையில் அதைக் கழுவுகிறவள் அவன் மனைவி லில்லி. பின் சீட்டுக்குப் பச்சைப் பூப்போட்ட உறை தைத்தவளும் அவள்தான். பெண் பார்க்கப் போனவர்கள், ஜவுளி வியாபாரிகள், கோயில் சுற்ற வந்த வடக்கத்திக்காரர்கள், ஒரு தடவை வக்கீல் ஒருவருடைய நாய் என்று எல்லாரும் அந்த உறைமேல் உட்கார்ந்தாகிவிட்டது. லில்லி உட்கார்ந்ததில்லை. அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வரும் நேரம் பார்த்து யாராவது சவாரிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஒரு நாளாவது என்னைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டுயா. கண்ணாடிய எறக்கி உட்டுக்கினு, ராணி மாதிரி ஊரைப் பாத்துக்கினு வரணும்" என்பாள்.

"வாடகை இன்னா குடுப்ப?"

"மூணு வேளையும் சோறு போடறன் இல்ல? அதுல கழிச்சிக்க."

லில்லிக்கு இருதயம் கொஞ்சம் சரியில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். ஆனால் பேச்சுக்கு மட்டும் மூச்சு வாங்கியதே கிடையாது.

சங்கத்திலிருந்து தாவீதுக்கு ஆள் வந்தது. போனான். கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை, எனவே கதவோரம் நின்றான். அவன் அங்கே நிற்பதை மறந்துவிட்டு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

செயலாளர் ஆதிகேசவன் சர்க்கார் மனிதர். ஊர் ஊராக மாற்றலாகி வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்தவர். "மாச வாடகைதான் புத்திசாலித்தனம். ஓடு மாத்தறது, சுண்ணாம்பு அடிக்கிறது எல்லாம் வீட்டுக்காரன் தலைவலி. நமக்குப் பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டு வேற இடம் பாத்துக்கலாம்" என்றார்.

"காருக்கு ஏதுங்க ஓடு?" என்றார் இயக்குநர் ராமலிங்கம். அவருக்குக் கூரத்துப் பக்கம் நிலபுலம். "குத்தகைக்கு எடுப்போம். எங்கப்பா காலத்துல ஒரு புண்ணியவான் எங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு உட்டாரு. இன்னி வரைக்கும் திருப்பிக் குடுக்கல. அவரும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு செத்தே போயிட்டாரு. வாடகையில இந்த மரியாதை கெடைக்குமா?"

தலைவர் கோதண்டபாணி மேஜையைத் தட்டினார். "வரதர் கருட சேவைக்கு வாடகைக் கருடன் மேலயா வர்றாரு? குத்தகைக் கருடனா? சொந்தக் கருடன்யா! சங்கத்துக்கு ஒரு கௌரவம் வேணாம்? சொந்தமா வாங்கணும். கதவுல சங்கத்துப் பேர் இருக்கணும். அதுக்குக் கீழ என் பேரைப் போடுங்கன்னு நான் சொல்லல. நீங்களா போட்டா நான் அழிக்கவும் மாட்டேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் பேசியதால் முடிவு ஜனநாயக முறையில் வந்தது. மூன்றையும் செய்து பார்ப்பது. முதல் மாதம் தாவீதின் கார் வாடகைக் கார். அடுத்த மாதம் அதுவே குத்தகைக் கார். மூன்றாம் மாதம் சங்கத்தின் சொந்தக் கார். மூன்றையும் ஒப்பிட்டுப் பிறகு நிரந்தர முடிவு. கார் அதுவேதான், டிரைவரும் அவனேதான், ரோடும் அதே ரோடுதான். மாறப்போவது சங்கத்தின் மனநிலை மட்டும்.

"நிரந்தரமா வேலை கெடைக்கும்ல சார்?" என்று தாவீது கேட்டான்.

அறையில் ஒரு டிரைவர் இருப்பது அப்போதுதான் மூவருக்கும் ஞாபகம் வந்தது. "ஒத்துழைச்சா எல்லாம் கெடைக்கும்" என்றார் ஆதிகேசவன். சாவியை வாங்கித் தம் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். சோதனை முடியும்வரை ராத்திரியில் கார் சங்கத்துக் கொட்டகையிலேயே நிற்கும்.

சங்கத்துக்கு நூறாயிரம் குறை இருக்கலாம், எடை விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தறிக்காரருக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். புடவையாக வரும்போது நிறுத்து வாங்குவார்கள். இடையில் அறுந்த நூல், வெட்டிய நூல் எல்லாவற்றையும் தறிக்காரர் பொட்டலம் கட்டி ஒப்படைக்க வேண்டும். கழிவு என்று அதற்குப் பெயர். சங்கத்தை விட்டு வெளியே போகும் எந்தப் பொருளும் போன எடைக்கு வந்த எடை சரிக்கட்டியாக வேண்டும். கார் வெளியே போகிற பொருள். ஆகவே தினமும் காலையிலும் மாலையிலும் தாவீது காரை அரிசி மில் எடை மேடையில் ஏற்றி இறக்கினான். சங்கத்து எடை குமாஸ்தா கலியன் குறித்துக்கொண்டார்.

மெட்ராஸ் போய் வந்த முதல் நாளே கார் இளைத்துவிட்டது.

"கழிவு எங்கே?" என்று ஆதிகேசவன் கேட்டார்.

"பெட்ரோல் சார். எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சது எங்கே போச்சு?"

"பொகையா போச்சு சார்."

"எந்தப் பக்கம்?"

தாவீது பின்பக்கம் கையைக் காட்டினான். ஆதிகேசவன் அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதோ பாருப்பா, நான் கண்டிப்பானவன்தான், கல் நெஞ்சக்காரன் இல்ல. புகை முழுசையும் கொண்டான்னு நான் கேக்கல. ஒரு பகுதியாவது ஒப்படைச்சாத்தானே ஆடிட்டுக்குப் பதில் சொல்ல முடியும்?"

அன்று சாயங்காலம் கலியன் அவனைத் தனியே கூப்பிட்டார். முப்பது வருஷமாகத் தராசைப் பார்த்துப் பார்த்து அவருடைய கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "தாவீது, ஊர்ல இருந்துக்கினு இதுகூடத் தெரியலயா உனுக்கு? எடை கொறைஞ்சா தறிக்காரன் இன்னா பண்ணுவான்? பட்டு மேல தண்ணி தெளிப்பான். நீ டிக்கில சாக்கப் போட்டு நனைச்சுக்கினு வா. ஆனா கொஞ்சமா நனை."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கலியன் சொல்லவில்லை. தாவீது மெட்ராஸ் ரோட்டில் ஓர் ஏரியோரம் நிறுத்தி நாலு சாக்கை முக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். கார் காலையில் போனதைவிட மாலையில் கனமாக இருந்தது. கலியன் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார்.

சங்கத்தில் மகிழ்ச்சி தாங்கவில்லை. கோதண்டபாணி காரின் முன்னால் நின்று அங்கேயே பேசினார். "தனியார் கையில தேஞ்சுக்கினு இருந்த ஒரு கார், கூட்டுறவுக் கைக்கு வந்த ஒடனே வளர ஆரம்பிச்சிருக்குது. இதுதான் சோஷலிசம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறான். வந்து நிறுத்துப் பாக்கட்டும்!"

அதே வாரம், தாவீது புடவைக் கட்டுகளோடு மெட்ராஸில் இருந்த ஒரு பகல்பொழுதில், லில்லி குழாயடியில் மயங்கி விழுந்தாள். யாரோ ஒரு ஜீப்பில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாவீது சாயங்காலம் வந்து, காரை எடை போட்டு, கொட்டகையில் விட்டு, சாவியை ஒப்படைத்து, வீட்டுக்கு நடந்து போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பஸ் பிடித்துப் போனான்.

டாக்டரம்மா அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். வால்வு ரொம்பக் கெட்டிருக்கிறது. இங்கே செய்யக்கூடியதைச் செய்தாகிவிட்டது. கொஞ்சம் தேறட்டும், வீட்டுக்கு அழைத்துப் போய்விடு. வீட்டில் இருக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் பஸ் வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். காரில் பின் சீட்டில் படுக்கவைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போ.

இவன் போய்ச் சொன்னதும் லில்லியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அட, இதுக்கு இருதயம் கெட வேண்டியிருந்துச்சே! இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே கெடுத்துக்கினு இருப்பேன்."

"வாய மூடு" என்றான் தாவீது.

பஸ் ஸ்டாண்டில் அவன் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற சிட்டிபாபு, "என் வண்டில போய்க் கூட்டியாந்துடலாம் வா, காசு ஒண்ணும் வேணாம்" என்றான். தாவீது அதை லில்லியிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்ம வண்டி இருக்கறப்ப நான் ஏன் ஊரான் வண்டில படுத்துக்கினு வரணும்? நான் தெச்ச உறை மேல படுத்துக்கினுதான் வருவேன். ஒரு நாள் கேட்டா குடுக்க மாட்டாங்களா உங்க சங்கத்துல?"

கொடுப்பார்கள் என்றுதான் தாவீது நினைத்தான். தன்னுடைய காரைத் தனக்கு ஒரு நாள் தருவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும்?

ஆதிகேசவனுக்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "தாவீது, எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா இது வாடகை மாசம். நாங்க குடித்தனக்காரங்க, நீ வீட்டுக்காரன். குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள்ள வீட்டுக்காரன் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்து படுக்கவைக்கலாமா? நீயே நியாயத்தைச் சொல்லு. என் வீட்டுக்காரர் ஒரு தடவை எங்க கிணத்துல வந்து குளிச்சார். அது அவர் வெட்டின கிணறுதான். நான் கோர்ட்டுக்குப் போயிட்டேன்."

"ஒரே ஒரு நாள் சார்."

"அவரும் ஒரே ஒரு நாள்தான் குளிச்சார். இன்னும் கேஸ் நடக்குது. மாசம் முடியட்டும். அடுத்த மாசம் குத்தகை. குத்தகையில தாராளம் உண்டு."

குத்தகை மாதத்தின் பொறுப்பு ராமலிங்கத்திடம் வந்தது. அவர் முதல் வேலையாகக் காரைச் சுற்றி வந்து நாலு மூலையிலும் நின்று எல்லை பார்த்தார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "தண்ணி வசதி பரவால்ல" என்றார். ரேடியேட்டரைச் சொன்னார். கலியனை அழைத்துத் தினசரி எடைக்கணக்கைக் காட்டச் சொன்னவர், கார் வளர்ந்திருப்பதைக் கண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இது வெளைச்சல் இல்ல! இதைப் பாத்துக்கினு சும்மா இருக்கறீங்களா? குத்தகைன்னா மேல்வாரம், கீழ்வாரம்னு பங்கு உண்டு. இன்னும் எவ்ளோ ஏறும்?"

தாவீது கலியனைப் பார்த்தான். கலியன் கணக்கு நோட்டைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தாவீது ராத்திரி முழுக்க யோசித்தான். சொன்னால் கலியனுக்கு வேலை போகும். தனக்கும் போகும். சொல்லாவிட்டால் தினமும் சாக்கு நனைக்க வேண்டும். நனைத்தான். கார் மேலும் கொழுத்தது. டிக்கியின் தகரத்தில் துரு ஏறியதை லில்லி பார்த்திருந்தால் சாம்பல் போட்டுத் தேய்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். புகையை ஒப்படைக்கச் சொன்னதைச் சொன்னபோது லில்லி சிரித்தாள். சாக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து அவனை வெளியே அனுப்பிவிட்டாள். ஜன்னல் வழியாக லில்லி கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அந்தக் குத்தகைக்காரர்கிட்ட கேட்டியா?"

"நாளைக்குக் கேக்கறேன்."

"உறையத் தொவைச்சு வெச்சிருக்காங்களா, இல்ல எல்லாரும் வெத்தலபாக்குக் கையோட உக்காந்துக்கினு இருக்காங்களா?"

"சுத்தமா இருக்குது."

வெற்றிலைக் கறை மூன்று இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பொய் சொல்வது பாவமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றுதானே சொன்னோம் என்று சமாதானம் செய்துகொண்டான்.

மறுநாள் ராமலிங்கம் அவனைப் பரிவோடு பார்த்தார். "உன் சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லயா? அடப் பாவமே. எங்க வூட்லயும் இப்படித்தான், எப்பவும் ஏதாவது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருப்பா. பயிர் நிக்கற நிலத்துல எவனாவது கட்டிலக் கொண்டாந்து போடுவானா? இப்பத்தான் கதிர் புடிக்கற நேரம். வேலூருக்கு இட்டுக்கினு போய் வந்து நாலு கிலோ கொறைஞ்சா அந்த நஷ்டத்த யாரு தாங்கறது? அறுவடை ஆவட்டும். அடுத்த மாசம் நீயே எடுத்துக்கினு போ."

"அது என் வண்டி சார்" என்றான் தாவீது. அந்த வாக்கியத்தை அவன் அந்தச் சங்கத்தில் முதல்முறையாகச் சொன்னது அப்போதுதான்.

ராமலிங்கம் கோபப்படவில்லை. "எங்க நிலத்துக்காரரும் கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார்.

அன்று சிட்டிபாபு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "உனுக்கு அறிவு இருக்குதா? பூட்ட ஒடைச்சு வண்டிய எடுத்துக்கினு போடா. இல்லன்னா என் வண்டில ஏறு, இப்பவே போவோம்."

"அடுத்த மாசம் சொந்தக் கார்டா. ராமலிங்கம் சாரு வாக்குக் குடுத்திருக்காரு. அவ அவ்ளோ ஆசப்படறா. இவ்ளோ நாள் இருந்துட்டா, இன்னும் கொஞ்ச நாள்தானே?" என்றான் தாவீது. சிட்டிபாபு சட்டையை விட்டுவிட்டான்.

மூன்றாம் மாதம் கார் சங்கத்தின் சொந்தமாகியது. பூசணிக்காய் உடைத்தார்கள். காரின் இரண்டு பக்கமும் சங்கத்தின் முழுப் பெயரும் எழுதப்பட்டது. பெயர் நீளமானதால் முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவில் முடிந்தது. பின்கதவைத் திறந்தால் சங்கம் உற்பத்தியோடு நின்றுவிடும், விற்பனை தனியே போகும். அதற்குக் கீழே "சொந்தக் கார்" என்று பெரிதாகவும் "சோதனை" என்று பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சின்னதாகவும் எழுதினார்கள். தலைவர் பெயரையும் அவர்களாகவே போட்டார்கள். அவர் அழிக்கவில்லை.

தாவீது கேட்கும் முன்னாலேயே கோதண்டபாணி அவனைக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டார். அவன் தோளை அவர் தொடுவது அதுதான் முதல் தடவை என்பதை அவரே கவனித்து, கையைக் கொஞ்சம் கூடுதலாக அங்கேயே வைத்திருந்தார்.

"வாடகைல முடியாது, குத்தகைல முடியாதுன்னு இவங்க சொன்னாங்க இல்ல? சொந்தக் கார்ல முடியும்யா! அதான் சொந்தத்தோட மகிமை. நம்ம ஊழியன் பொண்டாட்டிய நம்ம கார்ல நாமளே போய்க் கூட்டியாறோம்."

"நாமளேன்னா சார்?"

"நானு, செயலாளரு, ராமலிங்கம். ஆஸ்பத்திரி வாசல்ல போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன். ஆண்டறிக்கைல முதல் பக்கத்துல வரும்."

"அவ படுத்துக்கினு வரணும் சார். பின் சீட்டுல."

"எல்லாம் பாத்துக்கலாம்" என்றார் கோதண்டபாணி.

அந்த வெள்ளிக்கிழமை போனார்கள். மூவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்வது இயக்குநர் அந்தஸ்துக்கு ஒத்துவராது என்பது விவாதம் இல்லாமலே தீர்மானமாயிற்று. லில்லி இளைத்துப்போய், கழுத்து நரம்பு துடிக்க, நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கோதண்டபாணி அவள் கையில் ஒரு சாத்துக்குடிப் பையைக் கொடுத்தார். பை தெரியும்படி மறுபடியும் கொடுக்கச் சொன்னார் போட்டோக்காரர். கொடுத்தார். வெயில் கண்ணில் படுகிறது, இடம் மாறி நில்லுங்கள் என்றார். மாறி நின்று கொடுத்தார். லில்லிக்குக் கால் நடுங்கியது. "நோயாளி சிரிக்கணும்" என்றார் போட்டோக்காரர். அவள் அவருக்காகச் சிரித்தாள்.

பிறகு எல்லாரும் காரருகே வந்தார்கள். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் படுக்க முடியாது என்பது அங்கேதான் நிர்வாகக் குழுவின் கவனத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் ஆலோசித்தார்கள். யாராவது ஒருவர் பஸ்ஸில் வரலாம் என்று ராமலிங்கம் சொன்னார். யார் என்று ஆதிகேசவன் கேட்டார். மூவரும் ஒருவர் பெயரை மற்றவர் மரியாதையோடு முன்மொழிந்தார்கள். வழிமொழிய ஆளில்லாததால் மூன்றும் தோற்றுப்போயின.

"எறங்குங்க சார்" என்று சொல்லத் தாவீது வாயைத் திறந்தான். லில்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. பெரிய மனுசங்க. நான் முன்னாடியே உக்காந்துக்கறேன்."

"டாக்டரம்மா படுக்கச் சொன்னாங்க லில்லி."

"உன் மேல சாஞ்சுக்கறேன். அதுவும் படுக்கறதுதான்."

வாலாஜா தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். கண்ணாடியை இறக்கச் சொன்னாள். புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்து நடுவில் விட்டுவிட்டாள். "முன் சீட்டு நல்லாத்தான் இருக்குது. இவ்ளோ நாள் நீ மட்டும் அனுபவிச்சிருக்க பாரு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, "வெத்தலக் கறைய நான் பாத்துட்டேன். வூட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துடறேன்" என்றாள்.

பின்னால் சங்கம் தன் மூன்று மாத சோதனையின் இறுதிக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. வாடகையில் என்ன மிச்சம், குத்தகையில் என்ன விளைந்தது, சொந்தத்தில் என்ன கௌரவம் என்று மூன்று குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. காவேரிப்பாக்கத்து ஏரிக்கரை வந்தது. சாயங்கால வெயில் தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தது. "எவ்ளோ பெரிய ஏரிய்யா" என்றாள் லில்லி. தலையை அவன் தோளில் சாய்த்தாள். "அந்தக் கோடியில ஒரு படகு..." என்று ஆரம்பித்தாள்.

அந்தக் கோடியில் படகு என்ன செய்தது என்று அவள் சொல்லவில்லை.

தாவீது கொஞ்ச தூரம் காத்திருந்தான். அவள் பேச்சில் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்து அவன் கேட்டதில்லை. தன் தோளில் இருந்த தலை மெல்லக் கனப்பதை உணர்ந்தான். அவள் மடியிலிருந்த பை சாய்ந்து, ஒரு சாத்துக்குடி உருண்டு அவன் பாதத்தருகே வந்து நின்றது. ஒரு கையால் அவள் கையை எடுத்தான். பிறகு அதை விடவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. கியர் மாற்ற வேண்டிய இடங்களில்கூட மாற்றாமல், தோள் அசையாமல், மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான்.

ஓச்சேரி தாண்டியபோது பின்னால் சத்தம் ஓய்ந்தது. நம்ப முடியாத ஒன்று நடந்திருந்தது. மூவரும் ஒத்துப்போய்விட்டார்கள்.

"ஏகமனதான முடிவு, தாவீது!" என்றார் கோதண்டபாணி. "அலசிப் பாத்துட்டோம். மூணுமே வேணாம். நமக்குப் பஸ்ஸே போதும்."

"கருவாடு விஷயத்துக்கு ஒரு உபகுழு போட்டிருக்கோம்" என்றார் ஆதிகேசவன்.

"வெளைச்சலும் பெருசா ஒண்ணும் சொல்லிக்கறாப்பல இல்ல" என்றார் ராமலிங்கம்.

கோதண்டபாணி முன்னால் குனிந்து மிகுந்த அன்போடு சொன்னார். "அதனால, இந்த நிமிஷத்துலருந்து வண்டி உனக்கே உனக்குப்பா. சங்கத்துக்கு ஒரு உரிமையும் இல்ல. உன் வண்டி, உன் பொண்டாட்டி, எங்க வேணா போ. இன்னாய்யா, சந்தோஷம்தானே?"

"மெதுவா பேசுங்க சார்" என்றான் தாவீது. "தூங்கறா."

மூவரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல.

பெரிய காஞ்சிபுரத்துக்குள் வந்தபோது ஏகாம்பரநாதர் கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. சங்கத்து வாசலில் எடை மேடைக்குக் கூட்டிப்போகக் கலியன் காத்துக்கொண்டு நின்றார். கார் அவரைத் தாண்டிப் போயிற்று. "சங்கம், சங்கம்" என்று ஆதிகேசவன் கிசுகிசுத்தார். தூங்குகிறவளை எழுப்பக் கூடாது என்பதால் அதற்குமேல் அவரால் ஆட்சேபிக்க முடியவில்லை. கார் ராஜவீதியைக் கடந்து, தெற்கே திரும்பி, செவிலிமேட்டில் ஒரு கூரை வீட்டின் முன்னால் வந்து நின்றது.

தாவீது ஒரு கையால் லில்லியைத் தாங்கிக்கொண்டு மெல்ல நகர்ந்து இறங்கினான். அவள் தலையை முன் சீட்டின் முதுகில் பக்குவமாகச் சாய்த்து வைத்தான். பின்கதவைத் திறந்தான்.

"எறங்குங்க சார். அவ படுக்கணும்."

"வீடுதான் வந்துடுச்சே, உள்ள கூட்டிப் போயிடேன்" என்றார் ஆதிகேசவன்.

"எறங்குங்க."

இறங்கினார்கள். அவன் பச்சைப் பூப்போட்ட உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டான். சுற்றி வந்து லில்லியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கை கீழே தொங்கி ஆடியதைப் பார்த்ததும் ராமலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு லில்லியைப் பார்த்தார்கள்.

தாவீது அவளைப் படுக்கவைத்தான். தலை ஜன்னல் பக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான். முந்தானையை எடுத்துச் செருகினான். கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.

"டவுன் பஸ் எங்கே நிக்கும்?" என்று ஆதிகேசவன் யாரையோ மெல்லக் கேட்டார்.

தாவீது முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி பாலாற்றுப் பக்கம் பார்த்து நின்றது. சவாரி ஏறுகிறவர்களிடம் கேட்பதுபோலக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்து, "போலாமா?" என்று கேட்டான்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான்.